தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளை

புருஷன் பேரை வாயால் சொல்லக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். ஆனால் இந்தக் கதையில் அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டிய இடங்கள் நிறைய வருகின்றன. பேர் இல்லாமல் எப்படிக் கோபிப்பது? நல்லையா. சொல்லிவிட்டேன். இனிமேல் ‘இவர்’ என்றே சொல்கிறேன். நான் கனகாம்பாள்.

இரங்கூனில் அலோன் துறையில் இவருக்கு அரிசி மூட்டை சுமக்கிற வேலை. கிடங்குக்குப் பின்னால் லைன் வீட்டில் ஒரே அறையில் இருந்தோம். ஆற்று ஈரம் சுவரில் ஏறி நிற்கும், பக்கத்தில் அடுப்பு எரிந்தாலும் காயாது. அந்த அறையில் எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் அங்கேயே போயின. மூத்தவன் பல் முளைத்த பிறகு போனான். அடுத்தவள் குப்புறக் கவிழக்கூட இல்லை. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. தூங்குகிறவளின் மூக்கடியில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. பேர்கூட வைக்கவில்லை. வைத்தால் வாய் கூப்பிட்டுப் பழகிவிடுமே.

இப்படிப் பிள்ளை தங்காத வீட்டில் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை முறத்தில் கிடத்தி, வேறொரு வீட்டுக்காரிக்கு ஒரு பிடி தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். அவள் தவிட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைத் தன் வீட்டுக்குள் கொண்டுபோவாள். பிறகு வெளியே வந்து, ‘இது என் பிள்ளை, எனக்காக நீ வளர்த்துக் கொடு’ என்று பெற்றவளிடமே கொடுத்துவிடுவாள். பிள்ளை நம்முடையது இல்லை என்று ஆகிவிட்டால், நம் வீட்டையே குறிவைத்து வருகிற எமன் ஏமாந்து திரும்புவான் என்று நம்பிக்கை. ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்து அறை மைமூன் அக்கா வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். இந்தக் கறுப்பிக்கு ஒரு பிடி தவிடு அதிகம், அரைப் பிடிதான் தருவேன் என்று கேலிகூடச் செய்தாள். இன்றைக்கு நாளைக்கு என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததில், அதைச் செய்யாமலே ஊரைவிட்டு மூட்டை கட்டும்படி ஆகிவிட்டது.

மாவ்பியில் தங்கவேலு என்று இவருடைய சிநேகிதர் ரயில் பாதை வேலையில் இருந்தார். மாவ்பிக்குக் கிழக்கே மலையில் சும்மா கிடக்கிற காட்டை யார் வெட்டித் திருத்தினாலும், விடாமல் பயிரிட்டு வரி கட்டி வந்தால் அது அவர்களுக்கே ஆகிவிடும் என்று அவர்தான் சொன்னார். நடுவில் போட்டுவிட்டு ஓடினால் மட்டும் அடுத்தவன் வந்து உட்கார்ந்துகொள்வான். இவர் அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று சாப்பிடவே இல்லை. அடுத்தவன் மூட்டையைச் சுமந்தது போதும் என்றார். எனக்கு நிலத்தைப் பற்றி அக்கறை இல்லை. அந்த ஈரச் சுவரை விட்டுப் போனால் இவளாவது பிழைப்பாள் என்று ஒரே ஒரு நினைப்புதான். அதனால் சரி என்றேன்.

தை மாதத்தில் இவர் முதலில் போய் மூங்கிலையும் மரத்தையும் வெட்டிச் சாய்த்தார். பங்குனி வெயிலில் அதெல்லாம் காய்ந்ததும் தீ வைத்தார். சித்திரையில் கைப்பிள்ளையோடு நான் போய்ச் சேர்ந்தபோது மலைச்சரிவு முழுக்கச் சாம்பலும் கரிக்கட்டையுமாக இருந்தது. நடுவில் மூங்கில் குடிசை, ஒரு ஆள் உயரக் கால்களின் மேல் நின்றது. ஏணி வழியாகத்தான் ஏற வேண்டும். கீழே ஏன் கட்டவில்லை என்று கேட்டேன். புலி வரும் என்று, ஏதோ தபால்காரர் வருவார் என்பதுபோலச் சொன்னார்.

மன்னார்குடிப் பக்கத்து ஆள் அல்லவா, வயல் என்றால் வரப்பு இருக்க வேண்டும் இவருக்கு. அந்தச் செங்குத்துச் சரிவில் மண்ணை அணைத்து அணைத்து வரப்புப் போட்டார். முதல் மழையே வரப்பு, மண், போட்டிருந்த விதை எல்லாவற்றையும் வாரிக்கொண்டு அடிவாரத்துக்குப் போயிற்று. அடிவாரத்தில் ஒரு பர்மாக்காரர் கிராமம் இருந்தது. எங்கள் வயல் தங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்து ஊரே சிரித்ததாம். அப்படிச் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தவள்தான் டோ மியா. ஐம்பது வயதிருக்கும். தனிக்கட்டை. வாயில் எப்போதும் ஒரு சுருட்டு. கூர் சீவிய குச்சி ஒன்றை இவர் கையில் திணித்து, குழி போடு, விதையைப் போடு, காலால் மூடு, வேறு ஒன்றும் செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியே செய்தோம். மலைநெல் முளைத்தது. எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துப் போயிற்று. பிறகு அவளை நினைத்தே நான் தூங்காமல் கிடக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

ஆடி மாதத்தில் என்னைக் குளிர்காய்ச்சல் பிடித்தது. நடுக்கம் வந்தால் குடிசையே ஆடும். காய்ச்சலோடு பாலும் வற்றிவிட்டது. பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தேநீருக்கென்று வைத்திருந்த டப்பாப் பாலைக் கரைத்துக் கொடுத்தேன், அதுவும் தீர்ந்தது. கஞ்சித் தண்ணீரைக் கக்கிவிட்டாள். மாவ்பிக்குப் போகலாம் என்றால் கிராமத்துக்கு அப்பால் இருக்கிற ஓடை கரை புரண்டு, மூங்கில் பாலத்தை அடித்துக்கொண்டு போயிருந்தது. வண்டியும் போகாது, ஆளும் போக முடியாது. நாளாக ஆக அழுகிற சத்தமும் சிறுத்துக்கொண்டே வந்தது. அந்தச் சிறுத்த சத்தம் எனக்குப் பழக்கமான சத்தம். இரண்டு தடவை கேட்டிருக்கிறேன்.

கிராமத்தில் மாடுகளுக்குக் குறைச்சலே இல்லை. பாலுக்கு என்ன பஞ்சம் என்று இவர் செம்பை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அந்த ஊரில் யாரும் மாட்டைக் கறப்பதே இல்லை என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மாடு உழவுக்கு, வண்டிக்கு. பால் கன்றுக்கு. அதைக் கறப்பது கன்றின் வாயிலிருந்து திருடுவது, திருட்டு பாவம். இரங்கூனில் பால் விற்பவர்கள் எல்லாம் நம் ஆட்களாக இருந்ததால் இப்படி ஒரு வழக்கம் இருப்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

தெரிந்த பிறகாவது வாயால் கேட்டிருக்கலாம். கேட்காமல் இவர் நேராக டோ மியா வீட்டுக் கொட்டிலுக்குப் போனார். அவளுடைய மாடு அப்போதுதான் ஈன்றிருந்தது. மாட்டைக் கண்டதும் இவருக்குக் கை பரபரத்திருக்கிறது. குடித்துக்கொண்டிருந்த கன்றை இழுத்து ஒரு தூணில் கட்டிவிட்டு, மடியில் தண்ணீர் தெளித்துக் கழுவிக் குந்தி உட்கார்ந்துவிட்டார். மன்னார்குடியில் எந்தக் கொட்டிலிலும் இதைத்தான் செய்வார்கள். கன்று கத்தியதைக் கேட்டு டோ மியா துடைப்பத்தோடு இறங்கி வந்தாள். முதுகில் வரி வரியாகத் தடித்துப்போய், காலிச் செம்போடு வந்து நின்றார் இவர். நான் அழுத அழுகையில் அடி வாங்கினீர்களா என்று கேட்கக்கூட மறந்துபோனேன்.

மறுநாள் விடிந்ததும் என்னைக் கீழே கூட்டிப் போகச் சொன்னேன். நடக்க முடியவில்லை. பாதி வழி இவர் என்னைத் தூக்கிக்கொண்டுதான் போனார். டோ மியா வீடும் மூங்கில் கால்களின் மேல் நின்ற வீடு. அடியில் நெல் குத்துகிற உலக்கை, அதன் பக்கத்தில் பன்றிக்கு வைத்திருந்த தவிட்டுக் குவியல், சாத்தி வைத்த ஒரு முறம். பால் கேட்கத்தான் போனேன். என் பிள்ளையைக் காட்டிக் கெஞ்சினேன். அவளுக்கும் கண் கலங்கியது. ஆனால் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டாள். சோற்றை மென்று ஊட்டு, தேன் தருகிறேன் என்றாள். பால் மட்டும் கன்றுடையது, எடுத்துக் கொடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்றாள்.

அப்போது என் கண் அந்தத் தவிட்டின் மேல் விழுந்தது. சரி, பால் இல்லை. பிள்ளை போகத்தான் போகிறாள். செய்யாமல் விட்ட அந்த ஒன்றையாவது செய்துவிடலாம் என்று தோன்றியது. முறத்தை எடுத்துப் பிள்ளையை அதில் கிடத்தி டோ மியாவின் கையில் கொடுத்தேன். அலோன் சந்தையில் மீன் வாங்கக் கற்றுக்கொண்ட பர்மா பேச்சுதான் எனக்குத் தெரியும். அதில் சொன்னேன். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இனி உங்கள் பிள்ளை, எனக்கு ஒரு பிடி தவிடு கொடுங்கள். அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். வாயிலிருந்த சுருட்டை எடுத்து எறிந்தாள். குனிந்து ஒரு பிடி தவிட்டை அள்ளி என் மடியில் போட்டுவிட்டு, பிள்ளையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி உள்ளே போனாள்.

நான் கையை நீட்டிக்கொண்டு கீழே காத்திருந்தேன். இதோ வெளியே வருவாள், கொடுப்பாள் என்று காத்திருந்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்ற யோசனை காய்ச்சல் மண்டைக்கு வரவே இல்லை. மைமூன் அக்காவுக்குத் தெரிந்தது உலகத்துக்கெல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

வந்தாள். பிள்ளை இடுப்பில், கொட்டாங்கச்சி கையில். என்னைத் தாண்டிப் போய் இவரிடம் அந்தக் கொட்டாங்கச்சியை நீட்டினாள்.

“இது இப்ப என் வீட்டுப் பிள்ளை. கன்னும் என் வீட்டுப் பிள்ளை. ஒரு வீட்டுப் பிள்ளைங்க பங்கு போட்டுக்கலாம். கன்னு வயிறு நெறயக் குடிக்கட்டும், பிறகு கற.”

இவர் கன்றை மடிக்கு விட்டார். அது குடித்து முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது வாயை எடுத்ததும் இவர் உட்கார்ந்தார். சின்ன மாடு, சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கியது. ஆனாலும் கொட்டாங்கச்சி நிறைந்தது. வெந்நீர் கலந்து, நான் மடியில் கொண்டுபோயிருந்த பாலாடையால் டோ மியா புகட்டினாள். பிள்ளை முதலில் வாயை மூடிக்கொண்டாள். பிறகு நாக்கை நீட்டினாள். பிறகு குடித்தாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். அந்த நிமிஷம் டோ மியா என் தலையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஆனால் அவள் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காய்ச்சல்காரி பிள்ளைக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்றாள். காய்ச்சலோடு வெளியாள் யாரும் ஊர் வேலிக்குள் தங்கக்கூடாது என்று ஊர்ப் பெரியவரும் வந்து சொல்லிவிட்டார். ஏதோ கசப்புப் பட்டையைக் கையில் கொடுத்து எங்களை மேலே அனுப்பிவிட்டார்கள்.

வாயைத் திறந்து கேட்டிருக்க வேண்டியதுதானே என்பீர்கள். என்னவென்று கேட்பது? அது சும்மா சொன்ன விலை, பிள்ளையைக் கொடு என்றால், அவள் கொடுத்துவிடலாம். அப்புறம் அது யார் வீட்டுப் பிள்ளை? கன்றின் பால் திரும்பவும் திருட்டாகிவிடும். பிள்ளை அங்கே இருந்தால் பால் உண்டு, பிள்ளை எனக்கு இல்லை. இங்கே இருந்தால் எனக்கு உண்டு, பால் இல்லை. வாயை மூடிக்கொண்டு மலையேறினேன். மடியில் இருந்த தவிடு வழியெல்லாம் சிந்தியது.

அந்த ஊரில் கறக்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். ஆகையால் காலையிலும் மாலையிலும் இவர் இறங்கிப் போக வேண்டும். பிள்ளையும் அவளுக்கு, மாடும் அவளுக்கு, கறக்க மட்டும் நாங்கள். நான் குடிசையில் படுத்தபடியே காவல் காத்தேன். சரிவு முழுக்க அங்கங்கே பிளந்த மூங்கிலைக் கட்டி, எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் சேர்த்து என் கையருகே கொண்டுவந்து வைத்திருந்தார். கிளியோ காட்டுப்பன்றியோ வந்தால் கயிற்றை இழுக்க வேண்டும், மூங்கில்கள் படபடவென்று அடித்துக்கொள்ளும். நடுக்கம் வரும்போது கயிற்றை இழுக்கவே வேண்டாம், தானாக அடித்துக்கொள்ளும்.

இவர் திரும்பி வந்ததும் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்பேன். நன்றாக இருக்கிறாள் என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். கன்னத்தில் சதை வைத்திருக்கிறாள். சரி. முகத்தில் சந்தனம்போலத் தனக்காப் பட்டையை அரைத்துப் பூசிவிட்டிருக்கிறாள். ஏன் பூச வேண்டும், என் பிள்ளை என்ன பர்மாக்காரியா? வேர்க்குருவுக்கு நல்லதாம். தூக்கி வைத்துக்கொண்டே சுருட்டு பிடிக்கிறாளா? இல்லை, சுருட்டையே விட்டுவிட்டாள். முப்பது வருஷச் சுருட்டை விடுகிறவள் பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பாளா?

ஒருநாள், பேர் வைத்திருக்கிறாள் என்றார். மா நு. இளசு என்று அர்த்தமாம். நான் பயந்து பயந்து வைக்காமல் விட்ட இடத்தில் அவள் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு நான் இவரோடு போட்ட சண்டையில் கிளிகள்கூட வயலுக்கு வரவில்லை.

“கேட்டியளா இல்லையா?”

“நாளைக்குக் கேக்குறேன்.”

“நாளைக்கு நாளைக்குன்னா பிள்ளை அவளை ‘அமே’ன்னு கூப்பிட ஆரம்பிச்சிருவா. அம்மான்னு கூப்பிட எனக்கு யாரு இருக்கா?”

இவர் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, ஓடை வடியட்டும், எல்லாவற்றையும் போட்டுவிட்டு அலோனுக்கே போய்விடுவோம் என்றார். முளைத்து முழங்கால் உயரம் நின்ற நெல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிள்ளையை விட்டுவிட்டு ஒரு அடி இறங்கமாட்டேன், நிலம் போனாலும் நெல் போனாலும் அவள் இருக்கிற இடம் கண்ணில் படுகிற இந்த மலையை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அந்தக் கிராமத்தின் புகைதான் தெரியும். எந்தப் புகை டோ மியா அடுப்பிலிருந்து வருவது என்று நானாக ஒன்றைத் தீர்மானித்து வைத்திருந்தேன். அது எழும்பாத காலையில் கயிற்றை விட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

புரட்டாசியில் மழை குறைந்தது. ஓடை இறங்கியதும் முதல் ஆளாகத் தங்கவேலு அண்ணன் வந்தார், தபாலாபீசில் விற்கிற கொயினா மருந்தோடு. காது இரண்டும் கொய்ங் என்றது, வாயெல்லாம் கசப்பு, ஆனால் காய்ச்சல் விட்டது. நடுங்காமல் நாலு நாள் நின்றேன். மறுநாள் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, இன்றைக்குக் கேட்டுவிடுவது என்று இறங்கினேன். பால் என்னவாகும் என்று இவர் பின்னாலேயே கேட்டுக்கொண்டு வந்தார். மாவ்பியில் டப்பாப் பால் வாங்கலாம், தங்கவேலு அண்ணன் வீட்டில் இருக்கலாம், எதையாவது செய்யலாம், முதலில் பிள்ளை என்றேன். வழி முழுக்கப் பர்மா பேச்சில் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். கெஞ்சுவது ஒரு மாதிரி, அதட்டுவது ஒரு மாதிரி, ஊரைக் கூட்டுவது ஒரு மாதிரி. மூன்றையும் தயாராக வைத்திருந்தேன்.

டோ மியா ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. அப்பப்பா, என்ன பிள்ளை. கொழுகொழுவென்று, முகம் முழுக்கத் தனக்கா, இடுப்பில் ஒரு துண்டு லுங்கி. நான் கிட்டே போனதும் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தயாராக வைத்திருந்த மூன்றும் மறந்துபோயின.

“என் பிள்ளையைக் குடுங்க” என்றேன். தமிழில் சொன்னேனா பர்மாவில் சொன்னேனா என்றுகூடத் தெரியவில்லை.

டோ மியா பிள்ளையோடு எழுந்து மேலே ஏறிப் போனாள். உள்ளே கதவுத் தட்டி அசைகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் போடுகிறாள் என்றே நினைத்தேன். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் டோ மியா உடனே திரும்பி வந்தாள். பிள்ளையின் துணியெல்லாம் மடித்து வைத்த ஒரு மூட்டை கையில் இருந்தது. மேலே பாலாடையை வைத்துக் கட்டியிருந்தாள். அப்போது கட்டிய மூட்டை இல்லை அது. அந்த நேரத்துக்குள் கட்டியிருக்கவே முடியாது. என் முன்னால் வந்து நின்று பிள்ளையை நீட்டினாள். பிள்ளை என் கைக்கு வந்ததும் அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பர்மாவில் சொன்னதை என் பேச்சில் சொல்கிறேன்.

“வந்துட்டியா. உன் புருஷன் தினமும் வந்தான். கறந்தான், பிள்ளையைப் பாத்தான், போயிட்டான். ஒரு நாளாவது எப்பத் தருவேன்னு கேக்கலை. மழைக்குப் பயந்து ஓடுற வெளியூர்க்காரங்க பிள்ளையையும் போட்டுட்டு ஓடிருவாங்களோன்னு இருந்தேன். நான் கிழவி. நான் செத்தா இது யாரு பிள்ளை?”

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் வந்தது. நீங்கள் தரவே மாட்டீர்கள் என்று நான் பயந்து கிடந்தேன் என்றேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் இவர் பக்கம் திரும்பினோம். இவர் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் பாலை நிறுத்திவிடுவாளோ என்று பயம் என்று மெதுவாகச் சொன்னார். அவள் பர்மாவிலும் நான் தமிழிலும் இவரைத் திட்டித் தீர்த்தோம். அவள் திட்டியது எனக்கும், நான் திட்டியது அவளுக்கும் நன்றாகவே புரிந்தது.

தவிட்டு வழக்கத்தைத் தெரிந்த சொற்களாலும் கைச்சாடையாலும் அவளுக்கு விளக்கினேன். இரண்டு பிள்ளைகள் போனதையும் சொன்னேன். அதைக் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“சாவுகிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? உன் பிள்ளை உன் பிள்ளைதான். அவன் வந்து கேட்டா என்கிட்ட அனுப்பு. நான் பேசிக்கிறேன்” என்றாள்.

பிறகு எழுந்து போய் மாட்டை அவிழ்த்தாள். என்னவென்று கேட்டோம். அடுத்த கன்று போடும்வரை இது மேலேயே இருக்கட்டும், அக்கா குடிக்கிற இடத்தில்தானே தம்பியும் குடிக்க வேண்டும் என்று கன்றைத் தட்டிக்கொடுத்தாள். பிள்ளை திரும்ப என்னுடையதாகிவிட்டதே, பால் பாவமில்லையா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம், வாய் சும்மா இருப்பதில்லை எனக்கு. கன்று இத்தனை நாள் பங்கு கொடுத்துப் பழகிவிட்டது, அதற்கு ஆட்சேபணை இல்லை என்றாள் அவள். இவர் அவசரமாக என் புடவைத் தலைப்பை இழுத்தார்.

மலையேறினோம். முன்னால் இவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னால் கன்று, பிறகு நான், கடைசியில் டோ மியா. வரவேண்டாம் என்றால் கேட்கவில்லை, மாட்டுக்குப் புது இடம் பழக வேண்டும் என்று சாக்குச் சொன்னாள். பாதை திரும்புகிற இடத்தில் எங்கள் சரிவு தெரிந்தது. நெல் கதிர் வாங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இவர் நின்று பார்த்துவிட்டு நடந்தார். அலோன் பேச்சை அதன் பிறகு எடுக்கவே இல்லை.

பாதி வழியில் பிள்ளை அழ ஆரம்பித்தாள். என் தோளும் என் வாடையும் அவளுக்குப் புதிது. தட்டினேன், ஆட்டினேன், பாடினேன். நிற்கவில்லை. பின்னாலிருந்து டோ மியாவின் கை நீண்டது. பாதியில் அவளே அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மலையைப் பார்ப்பதுபோல வேறு பக்கம் பார்த்தாள். நான் நின்றேன்.

“வாங்கிக்குங்க அக்கா” என்றேன்.

பிள்ளையை அவள் தோளில் போட்டேன். மா நு, மா நு என்று இரண்டு தடவை சொன்னாள், அழுகை நின்றுவிட்டது. உச்சிவரை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். நான் அவர்களுக்கு முன்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்தேன். பின்னால் வருகிறாளா என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.